நூரும் நாரும்: ‘மிஸ் மார்வெல்’ முதற்பகுதியும் சிவகாசியின் வெளிச்சமும்

அரபு மொழியில் ஒளியைக் குறிக்கும் ‘நூர்’ என்ற சொல்லும் நெருப்பைக் குறிக்கும் ‘நார்’ என்ற சொல்லும் நூன், வாவ், ரா என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அறிஞர்களுக்கு இது சொல்லாராய்ச்சி சார்ந்த செய்தி. விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து மக்களுக்கோ இது அன்றாட வாழ்க்கை. தீபாவளி இரவிலும் திருமண ஊர்வலங்களிலும் நாடு காணும் ஒளி, அங்கே நெருப்புக்கு மிக அருகில் அமர்ந்திருக்கும் கைகளால் செய்யப்படுகிறது. இவ்விரு சொற்களின் உறவை மனத்தில் இருத்திக்கொண்டு, ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையின் கையிலிருந்து ஒளி பிறப்பதாகக் காட்டும் தொடர் ஒன்றின் முதற்பகுதியை இங்கு மதிப்பிட விழைகிறோம்.

‘மிஸ் மார்வெல்’ என்னும் அத்தொடரின் முதற்பகுதி 2022 ஜூன் 8 அன்று டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியானது. ஆறு பகுதிகளாக ஜூலை 13 அன்று தொடர் நிறைவுற்றது. கதைத்தலைவி கமலா கான், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் வாழும் 16 வயது மாணவி. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தின் மகள். இப்பாத்திரம் 2013இல் மார்வெல் நிறுவனத்தின் சித்திரக்கதையொன்றில் தலைகாட்டி, 2014இல் தனக்கெனத் தனி இதழைப் பெற்றது. அதை உருவாக்கியோருள் முதன்மையானவர்கள் எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சனும் பதிப்பாசிரியர் சனா அமானத்தும் ஆவர். முன்னவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர். பின்னவர் பாகிஸ்தானிய வம்சாவளியினர். முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருதைப் பெற்றது. தொலைக்காட்சித் தொடரின் தலைமை எழுத்தாளர் பிஷா கே. அலி. முதற்பகுதியை இயக்கியோர் மொராக்கோ வம்சாவளியினரான பெல்ஜியம் நாட்டு இயக்குநர்கள் ஆதில் அல் அர்பி, பிலால் ஃபல்லா. கமலாவாக நடித்தவர் இமான் வெல்லானி.

இப்பட்டியலைத் தருவதற்குக் காரணம் உண்டு. நம்மவர் படங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘பிறர் நம்மை எவ்வாறு காட்டுகின்றனர்?’ என்ற கேள்வியோடு நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. ‘ரோஜா’ (1992), ‘பம்பாய்’ (1995) முதல் ‘விஸ்வரூபம்’ (2013) வரை அக்கேள்விக்கு நியாயமான தேவையும் இருந்தது. தமிழ்த் திரையில் முஸ்லிம் இளைஞனின் கையில் வெடிகுண்டைத் தவிர வேறொன்றைக் காண்பது அரிதாக இருந்த காலம் அது. ஆனால் எழுத்திலும் இயக்கத்திலும் நடிப்பிலும் முஸ்லிம்களின் பங்கு மிகுந்துள்ள இப்படைப்பின் முன் அக்கேள்வி போதாது. நமக்குக் கிடைத்த வாய்ப்பைக் கொண்டு நம் பிள்ளைகளுக்கு எத்தகைய வலிமையைக் கற்பித்துக் காட்டுகிறோம் என்று கேட்க வேண்டியுள்ளது.

சிவகாசியின் மாயாவி

அமெரிக்கத் தொடரொன்றைச் சிவகாசியிலிருந்து நோக்குவது வலிந்து செய்வதாகத் தோன்றலாம். ஆனால் மீமனித ஆற்றல் படைத்த நாயகர்களைத் தமிழ்ச் சிறுவர்களிடம் பெருமளவில் கொண்டுசேர்த்த ஊர்களுள் சிவகாசிக்கே முதலிடம் தரவேண்டும். 1972இல் சௌந்தரபாண்டியன் அங்கிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. அவருடைய மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தீப்பெட்டிக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் வண்ண லேபிள்கள் அச்சிட்டு வளர்ந்த ஊர், நாட்காட்டிகளோடும் நோட்டுப் புத்தகங்களோடும் இச்சித்திரக்கதைகளையும் தமிழகமெங்கும் அனுப்பியது. மதுரையிலும் நெல்லையிலும் இராமநாதபுரத்திலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் உட்பட, மாயாவி வீட்டுப் பெயராகவே இருந்தார்.

அந்த மாயாவியின் தோற்றக் கதையை நினைவுகூர்வது இங்கு அவசியம். 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டெல், ஆய்வுக்கூட விபத்தொன்றில் கையை இழந்தவர். அவ்விடத்தில் எஃகினாலான கை பொருத்தப்படுகிறது. பின்னர் நேரும் மற்றொரு விபத்தில் மின்சாரம் உடலில் பாய, கை தவிர ஏனைய உடல் முழுதும் கண்ணுக்குப் புலனாகாமல் மறைகிறது. மின்னதிர்ச்சி ஒவ்வொன்றும் அவருக்கு ஆற்றலாகிறது. தொடக்கக் கதையில் அவர் அவ்வாற்றலைத் தீமைக்கே பயன்படுத்துகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது.

விபத்தே வரமாக மாறும் இக்கற்பனை மாயாவிக்கு மட்டும் உரியதன்று. ஸ்பைடர்மேனுக்குச் சிலந்தியின் கடி, ஹல்க்குக்குக் காமாக் கதிர் என மேற்கத்திய நாயகர் பலரும் விபத்திலிருந்தே எழுகின்றனர். இக்கதைகளை அச்சிட்ட ஊரிலோ விபத்துக்கு ஒரே பொருள்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் மீண்டும் பெரும் உயிரிழப்பு. இவ்விரண்டிற்கும் இடையிலும் பின்னரும் நேர்ந்தவற்றை எண்ணிக்கொண்டே போகலாம். மருந்தைக் கலக்கும்போதும் குழாய்களில் செலுத்தும்போதும் ஏற்படும் சிறு உராய்வு போதும். விதிக்கு மாறாக ஓர் அறையில் பலரை அமர்த்தியிருந்தால் இழப்பு பெருகிவிடுகிறது. அலுமினியப் பொடி படிந்து வெள்ளிபோல் மின்னும் கைகளை அவ்வட்டாரத்தின் ஆலைகளில் காணலாம். வேலை முடிந்து கழுவிய பின்னும் அம்மினுக்கம் எளிதில் நீங்குவதில்லை. மாயாவியின் எஃகுக் கைக்கு மிக நெருங்கிய தோற்றம் அது. ஆனால் இங்கே கையை இழந்தவருக்கு மாற்றாக வருவது வேலையிழப்பும் நீண்ட மருத்துவமும் கடனும்தான்.

தீக்கும் நாயகர்களுக்கும் இடையிலான கற்பனை உறவு வெறும் விளையாட்டன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘சக்திமான்’ தொடரைப் பார்த்த சிறுவர்கள் சிலர், நாயகர் வந்து காப்பாற்றுவார் என நம்பித் தம்மைத் தாமே ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொண்டதாக அன்று செய்திகள் வெளிவந்தன, தீயிட்டுக்கொண்டதாகவும் கூறப்பட்டது. அதில் தொடரின் பங்கு எவ்வளவு என்பது பற்றி விவாதம் நிகழ்ந்தது. விவாதத்தின் முடிவு எதுவாயினும், வலிமை பற்றிய கதையைப் பிள்ளைகள் பொழுதுபோக்காக மட்டும் ஏற்பதில்லை என்பது அன்று தெளிவாயிற்று.

பச்சை ஆடையில் ஒரு தந்தை

இப்பின்னணியில் ‘மிஸ் மார்வெல்’ முதற்பகுதிக்கு வருவோம். கதை மிக எளியது. கமலா, கேப்டன் மார்வெல் என்னும் பெண் நாயகியின் தீவிர ரசிகை. காகிதச் சித்திரங்களை வெட்டி ஒட்டி அவளைப் பற்றிய காணொளிகளைத் தயாரிக்கிறாள். ஓட்டுநர் தேர்வில் தோற்கிறாள். பள்ளியில் அவளை எவரும் பொருட்படுத்துவதில்லை. நண்பன் புரூனோவும், தலையை ஹிஜாபால் மறைத்த தோழி நக்கியாவுமே துணை. அவெஞ்சர்கான் என்னும் ரசிகர் விழாவுக்குச் செல்ல விரும்புகிறாள். இரவு விழா என்பதால் பெற்றோர் மறுக்கின்றனர். கராச்சியிலிருந்து பாட்டி அனுப்பிய பழம்பொருட்களுள் ஒரு காப்பு இருக்கிறது. தாய் முனீபா அதைப் பயனற்றதென ஒதுக்கி மேல்மாடத்தில் போடுகிறார். கமலா பெற்றோர் அறியாமல் விழாவுக்குச் சென்று, வேடப்போட்டி மேடையில் அக்காப்பை அணிகிறாள். ஒளி பிறக்கிறது.

முஸ்லிம் நாயகர்களைப் படைக்கும் முயற்சிகள் இதற்கு முன்னரும் நிகழ்ந்துள்ளன. குவைத்தைச் சேர்ந்த நாயிஃப் அல் முதவ்வா 2006இல் தொடங்கிய ‘தி 99’ சித்திரக்கதை, இறைவனின் அழகிய திருநாமங்களிலிருந்து தன் நாயகர்களின் பண்புகளைப் பெற்றது. அதனாலேயே கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. 2013இல் பாகிஸ்தானில் வெளிவந்த ‘புர்கா அவெஞ்சர்’ தொடரில் ஓர் ஆசிரியை நூலையும் எழுதுகோலையும் படைக்கலமாகக் கொண்டு பெண் கல்வியைக் காக்கிறார். இவ்விரண்டின் நோக்கமும் போற்றற்குரியது. எனினும் இரண்டிலும் பாடம் முதலில் பிறந்து, பாத்திரம் பின்னர் பிறந்தது. கமலா கான் முதலில் ஒரு பிள்ளையாகப் பிறக்கிறாள். சமுதாயத்தின் பிரதிநிதியாக நின்று விளக்கமளிக்கும் கடமை அவளுக்கு இல்லை. நக்கியாவின் ஹிஜாபுக்கு முதற்பகுதி எந்த நியாயமும் கூற முற்படவில்லை. வீட்டில் உருதுச் சொற்கள் அடிக்குறிப்பின்றிப் புழங்குகின்றன. இந்த இயல்புத்தன்மையே முதற்பகுதியின் தலையாய சாதனை எனலாம்.

ஆயினும் முதற்பகுதியின் உச்சக்காட்சி விழா மேடையில் இல்லை என்பது நம் கருத்து. மறுப்புக்குப் பின் பெற்றோர் மனமிரங்கி ஒரு வழி காண்கின்றனர். தந்தை உடன் வருவதானால் மகள் விழாவுக்குச் செல்லலாம். அதற்கென ஹல்க்கின் பச்சை நிறத்தில் ஷல்வார் கமீஸ் அணிந்து, முகத்திலும் பச்சை பூசி, தந்தை யூசுஃப் அறைக்குள் நுழைகிறார். மகளுக்கும் அதற்கிணையாக ஒரு சிறிய ஹல்க் உடை தயாராக இருக்கிறது. மகளுக்கோ வெட்கம் பொறுக்கவில்லை. தந்தையோடு இக்கோலத்தில் செல்வது அவமானம் எனச் சொல்லிவிடுகிறாள். தந்தையின் முகத்தில் மகிழ்ச்சி அணைந்துபோகிறது. அவர் கோபிக்காமல் விலகிச் செல்கிறார்.

புலம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிய மேற்கத்தியப் படைப்புகளில் தந்தை என்றாலே தடை என்பதுதான் வாய்பாடு. இக்காட்சி அவ்வாய்பாட்டை உடைக்கிறது. இத்தந்தை மகளின் கனவுக்குள் தாமே நுழைய முயல்கிறார். ஆனால் தமக்குத் தெரிந்த ஆடையில், தம் பண்பாட்டின் தையலில் நுழைகிறார். மகள் அதை ஏற்க மறுப்பதில் அவள்மீது நமக்கு வெறுப்பு எழுவதில்லை. பதினாறு வயதின் வெட்கம் உலகெங்கும் ஒன்றே. பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையே அன்பு குறையாமலேயே காயம் நேரக்கூடும் என்பதை இத்துணைச் சுருக்கமாகச் சொன்ன காட்சிகள் சிலவே. ஆற்றல் ஏதும் இல்லாத இக்காட்சி, ஆற்றல் வெளிப்படும் காட்சியைவிட வலுவாக அமைந்துள்ளது.

விபத்தும் கணக்கும்

ஆற்றலின் பிறப்பை இப்படைப்பு எவ்வாறு அமைத்துள்ளது என்பதில்தான் நம் மதிப்பீட்டின் மையம் உள்ளது. மூலச் சித்திரக்கதையில் கமலா ஒரு மூடுபனியால் மாற்றம் பெற்று, உடலை நீட்டவும் சுருக்கவும் வல்லவளாகிறாள். தொலைக்காட்சி அதை மாற்றி, பாட்டியின் காப்பிலிருந்து திண்மையான ஒளி வெளிப்படுவதாக அமைத்தது. ரசிகர் பலர் இம்மாற்றத்தைக் குறைகூறினர். நாம் ஒரு வகையில் இதை வரவேற்கிறோம். ஆய்வுக்கூட விபத்திலிருந்து ஆற்றலைப் பிடுங்கி, தாய்வழி மரபுச்செல்வமாக அதை மாற்றியிருப்பது நுட்பமான முடிவு. தாய் பயனற்றதென ஒதுக்கியது மகளின் கையில் ஒளிர்கிறது. இடையில் ஒரு தலைமுறை மறக்க விரும்பிய வரலாறு இருக்கிறது. பின்வரும் பகுதிகளில் அது 1947இன் பிரிவினை வரை செல்கிறது. தமிழில் ‘காப்பு’ என்ற சொல் அணியையும் காவலையும் ஒருசேரக் குறிப்பதை எண்ணும்போது இம்மாற்றம் நமக்கு மேலும் நெருக்கமாகிறது.

ஆனால் ஒளி பிறந்த மறுகணம் நிகழ்வதைக் கூர்ந்து நோக்கவேண்டும். கட்டுக்கடங்காத அவ்வொளி விழா அரங்கின் பெரும் பொம்மைத் தலையொன்றைத் தகர்த்து உருட்டிவிடுகிறது. கூட்டம் சிதறி ஓடுகிறது. தொங்கிய சம்மட்டி மாதிரியொன்று ஊசலாடி, ஸோயி என்னும் சக மாணவியை அந்தரத்தில் தள்ளுகிறது. கமலா ஒளியாலான நீண்ட கையால் அவளைப் பிடித்துக் காப்பாற்றுகிறாள். ஆகவே கமலாவின் முதல் வீரச்செயல், அவளே விளைவித்த விபத்திலிருந்து ஒருத்தியை மீட்டதாகும். இது ஆழமான வித்து. ஆற்றல் முதலில் தீங்காகவே வெளிப்படும் என்பதையும், அத்தீங்குக்கு ஆற்றலுடையோரே பொறுப்பு என்பதையும் இக்காட்சி சொல்ல வல்லது.

வருந்தத்தக்க வகையில், படைப்பு அவ்வித்தை அங்கேயே விட்டுவிடுகிறது. சிதறிய கூட்டத்தில் எவருக்கேனும் காயம் பட்டதா என்று கமலா திரும்பிப் பார்ப்பதில்லை. வண்ண விளக்குகளும் இசையும் விபத்தை வேடிக்கையாக்குகின்றன. வீடு திரும்பும் மகளைக் காத்திருந்து பிடிக்கும் தாய், நல்ல பிள்ளையாக இருக்க விரும்புகிறாயா, விண்ணில் மிதக்கும் கனவுகளோடு வாழ விரும்புகிறாயா என்ற பொருளில் கேட்டுச் செல்கிறார். தனித்திருக்கும் கமலா தன் கையின் ஒளியை நோக்கி, விண்ணையே தேர்கிறாள். முதற்பகுதியின் விடை அது. இறுதிப் பெயர்களுக்கு இடையே அரசு விசாரணையாளர் இருவர் அவளுடைய காணொளியைக் கண்டு தேடத் தொடங்குகின்றனர். நியூயார்க் காவல்துறை நியூஜெர்சி வரை பள்ளிவாசல்களையும் மாணவர் அமைப்புகளையும் கண்காணித்தது 2011இல் அம்பலமானதை அறிந்தோர்க்கு, இம்முடிவின் அச்சம் விளங்கும்.

தாயின் கேள்வி தவறாக முன்வைக்கப்பட்டுள்ளது. மகளின் விடையும் அத்தவறையே ஏற்றுக்கொள்கிறது. நன்மையும் விண்ணளாவிய கனவும் ஒன்றையொன்று விலக்குவன என்பது நம் மரபுக்கு உடன்பாடானதன்று. நம் அறிஞர்கள் இயல்பு மீறிய நிகழ்வுகளை வகைப்படுத்தியபோது, நபிமார்களிடம் வெளிப்படுவதை ‘முஃஜிஸா’ என்றும், இறைநேசர்களிடம் வெளிப்படுவதைக் ‘கராமத்’ என்றும், தீயோர்க்கு அவகாசமாகவும் சோதனையாகவும் விடப்படுவதை ‘இஸ்தித்ராஜ்’ என்றும் பிரித்தனர். இப்பிரிவின் உள்ளுறை தெளிவானது. வியப்புக்குரிய ஆற்றல் ஒருவரிடம் வெளிப்படுவது அவருடைய சிறப்புக்குச் சான்றாகாது. அவருடைய ஒழுக்கமே அவ்வாற்றலுக்குப் பெயரிடுகிறது. தொடக்கத்தில் தீமை புரிந்த இரும்புக்கை மாயாவியைச் சிவகாசியின் சிறுவர்கள் எளிதில் விளங்கிக்கொண்டதும் இதனால்தான் போலும்.

கையும் ஒளியும் நெருப்பும் ஒன்றுகூடும் வரலாறொன்று நம் நெஞ்சங்களில் உண்டு. கற்பனை நாயகர் எவரையும் அதனோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அதிலிருந்து பாடம் பெறுதல் தகும். மூஸா (அலை) அவர்கள் தம் குடும்பத்தார்க்குக் குளிர்காய நெருப்புத் தேடிச் சென்றார்கள். ‘நார்’ எனக் கண்ட இடத்தில் இறையழைப்பைக் கேட்டார்கள். அங்கே அவர்களுக்கு அருளப்பட்ட அத்தாட்சிகளுள் ஒன்று, வெண்மையாய் ஒளிவீசிய கை. அவ்வொளி எதற்காக அருளப்பட்டது? ஃபிர்அவ்னின் கொடுமையில் அடிமைப்பட்டு உழைத்த மக்களின் விடுதலைக்குத் தூது செல்வதற்காக. கையில் ஒளி வந்த கணத்திலேயே கடமையும் உடன்வந்தது. கமலாவின் கையில் வந்த ஒளிக்கு முதற்பகுதி முகவரி எழுதவில்லை. முதற்பகுதி என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்போர் உளர். தொடக்கமே ஒரு படைப்பின் ‘நிய்யத்’ என்பதால் நம்மால் அவ்வளவு எளிதாகப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

பதினாறு வயதின் மற்றொரு கை

கமலாவின் வயதை மீண்டும் நினைப்போம். 2016இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டத்தின்படி 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிலில் அமர்த்துதல் கூடாது. 14 முதல் 18 வரை உள்ள வளரிளம் பருவத்தினரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துதல் கூடாது. பட்டாசுத் தொழில் அத்தகையது. இச்சட்டத்திற்கு முன்னோடியான வழக்குகளுள் ஒன்று சிவகாசியிலிருந்தே பிறந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விதிமீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம், தீக்குச்சிச் சட்டங்களின் முன் அமர்ந்திருந்த சிறுவிரல்களை நாட்டுக்குக் காட்டியது. அந்நிலை இன்று பெரிதும் மாறியுள்ளதை மறுப்பதற்கில்லை. எனினும் மருந்தறையில் தாயையோ தந்தையையோ இழந்த பதினாறு வயதுப் பிள்ளைகள் அவ்வட்டாரத்தில் இன்றும் உள்ளனர். பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் எனத் தமிழக முதலமைச்சர் 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவிக்க நேர்ந்ததே அதற்குச் சான்று.

அப்பிள்ளை ‘மிஸ் மார்வெல்’ முதற்பகுதியைக் கைபேசியில் காண்பதாகக் கொள்வோம். பாட்டியின் காப்பு, தாயின் கண்டிப்பு, தந்தையின் பச்சை ஆடை இவை யாவும் அவளுக்கு எளிதில் விளங்கும்; மதத்தாலும் நாட்டாலும் வேறுபட்டிருந்தாலும் அக்குடும்பம் அவளுக்கு அந்நியமாகத் தோன்றாது. அங்கே வெடித்துச் சிதறும் அரங்கைக் கண்டு மற்றவர் சிரிக்கும்போது மட்டும் அவளால் சிரிக்க முடியாமல் போகலாம். வெடிப்புக்குப் பின் முதலில் எழும் கேள்வி ‘யார் யார் உள்ளே இருந்தார்கள்?’ என்பதே என அவள் அறிவாள். முதற்பகுதியில் எவரும் கேளாத கேள்வி அது.

இக்குறையைச் சுட்டுவதால் இப்படைப்பை நாம் தள்ளிவிடவில்லை. நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், கனவு காணும் உரிமையை இத்தொடர் குடும்பத்தின் அன்புக்குள்ளிருந்தே எடுத்துக்காட்டியிருக்கிறது. பெற்றோர் தம் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து, அப்பச்சை ஆடைக் காட்சியைப் பற்றி அவர்களோடு உரையாடுவது பல அறிவுரைகளைவிடப் பயன்தரும் என்றே கருதுகிறோம்.

நம் பக்கம் எஞ்சியிருக்கும் பணி வேறு. கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் பாடிய தமிழ் முஸ்லிம் புலவர்கள், வாளேந்திய பெண்ணைப் பாட அஞ்சியதில்லை. சைத்தூன் கிஸ்ஸாவின் இளவரசி அதற்குச் சான்று. அக்கதைகள் அரபு நாட்டில் நிகழ்ந்தாலும் அவற்றைக் கேட்டவர்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மேலப்பாளையத்திலும் வாழ்ந்த மக்கள். அம்மரபு அறுந்து நெடுங்காலமாகிறது. சிவகாசியின் அச்சகங்களோ அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் ஐரோப்பிய நாயகர்களையே தமிழில் பேசவைத்துள்ளன. வெள்ளிப்பொடி படிந்த கையைக் கொண்ட ஒரு பெண்பிள்ளை, ஓர் அறையில் அளவுக்கு மீறி ஆட்கள் அமர்த்தப்படுவதைத் தடுத்து நிறுத்தும் கதையை இன்னும் நாம் படித்ததில்லை. அதற்கு மீமனித ஆற்றல் வேண்டுமா, விதியை உரக்கப் படித்துக்காட்டும் துணிவு போதுமா என்பதை எழுதுகிறவர் முடிவு செய்யட்டும். ஒளியைச் செய்கிறவர்களின் பெயரை அக்கதை மறவாதிருந்தால், ஜெர்சி சிட்டியின் கமலா கானும் அதை விரும்பிப் படிப்பாள்.